சவரக்கத்தி: ஆப்பா, குழிவா?

பழைய மடக்குச் சவரக்கத்தி ஏதாவது உங்கள் வீட்டுப் பரணிலோ, தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ கிடந்தால், எடுத்து விரித்து, அதன் நுனி கண்ணுக்கு நேராக வரும்படி பிடித்துப் பாருங்கள். இரண்டு உருவங்களில் ஒன்று தெரியும். முதுகில் தடிப்பாகத் தொடங்கிக் கூர் வரை ஒரே சரிவாக இறங்கினால் அது ஆப்பு வடிவம். விறகு பிளக்க அடிக்கிறோமே, அந்த ஆப்புதான், சிறிய அளவில். முதுகுக்குக் கீழே இருபுறமும் குடைந்து, கடைசியில் காகிதம்போல மெலிந்திருந்தால் அது குழிவுத் தேய்ப்பு. இரண்டுக்கும் நடுவே கால் குழிவு, அரைக் குழிவு, முழுக் குழிவு என்று பல படிகளும் உண்டு.

இதில் எது நல்லது என்று கத்தி பிடித்தவர்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதாடி வந்திருக்கிறார்கள். ‘தாடி தடிப்பானால் ஆப்பு, மெல்லியதானால் குழிவு’ என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வரலாற்றைப் பார்த்தால் கேள்வி முகத்தோடு நிற்பதில்லை. ஒரு கத்தியில் எஃகைத் தேய்த்து எடுக்கும் வேலை யாராவது செய்தாக வேண்டிய வேலை. அதைப் பட்டறையில் இருப்பவர் செய்வதா, கத்தியை வாங்கியவர் செய்வதா என்பதுதான் ஆப்புக்கும் குழிவுக்கும் உள்ள பெரிய வித்தியாசம். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் சவரக்கத்தியைத் தீட்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன். அரிவாளையோ காய் நறுக்கும் கத்தியையோ தீட்டும்போது எந்தச் சாய்வில் பிடிப்பது என்பதை நம் கைதான் முடிவு செய்கிறது. சவரக்கத்தியில் அந்தப் பொறுப்பு கைக்கு இல்லை. கத்தியைத் தீட்டுக்கல்லின் மேல் படுக்க வைத்தால் முதுகும் கூரும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். முதுகின் தடிப்பும் அலகின் அகலமும் சேர்ந்து சாய்வை முடிவு செய்துவிடும். பழைய வழக்கப்படி அலகின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குகளாகச் சொல்வார்கள். 5/8 என்பது ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். அந்த அகலத்துக்கு முதுகின் தடிப்பு 4.7 மில்லிமீட்டர் இருந்தால் கூரின் கோணம் சுமார் 17 பாகை வரும். தீட்டத் தீட்ட முதுகும் கூடவே தேய்வதால், பல ஆண்டுகள் ஆனாலும் கோணம் அதிகம் மாறாது. இதைக் கண்டுபிடித்தவர் யாராயிருந்தாலும் கெட்டிக்காரர்.

இப்போது ஆப்பு வடிவக் கத்தியை அந்தக் கல்லில் வைத்துப் பாருங்கள். முதுகிலிருந்து கூர் வரை பக்கம் முழுவதும் கல்லில் படியும். கூரில் மயிரிழை அளவு எஃகு எடுக்க வேண்டுமானால் பக்கம் முழுவதையும் தேய்த்தாக வேண்டும். கை வலிக்கும், பொழுதும் போகும். குழிவுக் கத்தி அப்படியில்லை. நடுப்பகுதி குடைந்திருப்பதால் முதுகின் ஓரத்தில் ஒரு கீற்றும் கூரின் ஓரத்தில் ஒரு கீற்றும் மட்டுமே கல்லைத் தொடும். சில நிமிடங்களில் கூர் ஏறிவிடும். ஆப்பில் வாங்கியவர் தேய்க்க வேண்டிய எஃகைக் குழிவில் பட்டறைக்காரர் முன்னரே தேய்த்து எடுத்துவிட்டார் என்பதுதான் இதன் சூட்சுமம்.

அப்படியானால் முதலிலேயே எல்லாக் கத்தியையும் குழிவாகச் செய்திருக்கலாமே என்று தோன்றும். அதற்கு இரண்டு வேண்டும். மெல்லியதாகத் தேய்த்தாலும் வளையாத, உடையாத எஃகு வேண்டும். சிறிய கல்லில், எஃகு சூடேறிப் பதம் கெடாமல் தேய்க்கத் தெரிந்த கையும் வேண்டும்.

எஃகின் கதை இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தொடங்குகிறது. பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்பவர் கடிகாரம் செய்பவர். கடிகாரச் சுருள்வில்லுக்கு நல்ல எஃகு கிடைக்கவில்லை என்று தாமே முயன்று, 1740-களில் மண் மூசையில் எஃகை முழுவதும் உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். அதுவரை கிடைத்த எஃகு ஓரிடத்தில் கடினமாகவும் ஓரிடத்தில் மென்மையாகவும் இருக்கும். ஹண்ட்ஸ்மனின் எஃகு முழுவதும் ஒரே சீரானது. ஷெஃபீல்டின் கத்திக்காரர்கள் ‘இது ரொம்பக் கடினம், அடிக்க வராது’ என்று முதலில் ஒதுக்கினார்களாம். அவர் பிரான்சுக்கு விற்றார். பிரெஞ்சுக் கத்திகள் போட்டிக்கு வந்த பிறகே உள்ளூர்க்காரர்கள் விழித்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள்.

மூசையில் எஃகு உருக்குவது நமக்குப் புதிதல்ல. தென்னிந்தியாவில் பல நூற்றாண்டுகளாக நடந்த தொழில் அது. ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்று அழைத்தது நம் பக்கத்து எஃகைத்தான். அந்தப் பெயரே ‘உருக்கு’ என்ற சொல்லின் திரிபு என்று கருதுவோரும் உண்டு. லண்டனில் அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இந்த எஃகை மிகவும் விரும்பியவர். பின்னாளில் மின்சார ஆராய்ச்சியில் பெயர் பெற்ற மைக்கேல் ஃபாரடே இவரோடு சேர்ந்து வூட்ஸ் எஃகின் இரகசியத்தைத் தேடினார். எஃகில் வெள்ளி முதலான உலோகங்களைச் சேர்த்துப் பார்த்த அந்த ஆய்வுகள் 1820-லும் 1822-லும் கட்டுரைகளாக வந்தன. ஷெஃபீல்டு சவரக்கத்திகளில் ‘சில்வர் ஸ்டீல்’ என்ற முத்திரை பரவியது அதன் பிறகுதான்.

இன்னொரு தொடர்பும் உண்டு. ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் சென்னை மாகாணத்தில் கும்பினி உத்தியோகம் பார்த்தவர். வேலையை விட்டுவிட்டு, 1830 வாக்கில் நம் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலம் பகுதியின் இரும்புத்தாதுதான் மூலப்பொருள். அந்த ஆலை நிலைக்கவில்லை. ஆனால் ஹீத் இங்கிலாந்து திரும்பி, மூசை எஃகில் மாங்கனீசைச் சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். உயர்ந்த விலைச் சுவீடன் இரும்பு இல்லாமலே நல்ல எஃகு செய்ய அது வழிவிட்டது. ஷெஃபீல்டு அதனால் கொழித்தது. ஹீத்துக்கோ வழக்குகள்தான் மிச்சம். உரிமைத் தொகைக்காக நீதிமன்றம் ஏறி இறங்கி, வழக்கு முடியுமுன்பே இறந்துபோனார்.

நல்ல எஃகு வந்தும் ஷெஃபீல்டு நெடுநாள் ஆப்பு வடிவத்தையே செய்துவந்தது. ஆறுகளின் கரையில் நீர்ச்சக்கரத்தால் சுழலும் மணற்கற்கள். அவற்றின் பின்னால் குதிரைச் சேணம்போன்ற மரப்பலகையில் காலை அகற்றி உட்கார்ந்து, கல்லின் மேல் குனிந்து தேய்ப்பார்கள். கல்லின் வட்டம் பெரிதாக இருந்தால் அதன் வளைவு கத்தியின் பக்கத்தில் அவ்வளவாக விழாது. சிறிய வட்டம்தான் ஆழமாகக் குடையும். உருண்டைக் கல்லில் தேய்ப்பதால் முற்றிலும் தட்டையான ஆப்பு என்பதே அபூர்வம். ஆப்பு என்று நாம் சொல்லும் பழைய கத்திகளிலும் ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்தால் நடுவில் மெல்லிய இடைவெளி தெரியும்.

அந்தக் காலத்தில்தான் வீட்டிலேயே தானே மழித்துக்கொள்ளும் பழக்கமும் பரவியது. பாரிஸில் கத்தி செய்த ழான்-ழாக் பெரே என்பவர், தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்வது எப்படி என்று கற்பிக்க 1769-இல் தனிப் புத்தகமே எழுதினார். வீட்டுக்காரர் கையில் ஆப்பு வடிவம் பாதுகாப்பாக இருந்தது. கனமான அலகு தன் எடையிலேயே இறங்கும், தாடியில் பட்டுத் துள்ளாது, கொஞ்சம் கவனம் தப்பினாலும் கூர் எளிதில் பிசகாது. ஆனால் மழுங்கிவிட்டால் திரும்பக் கூரேற்றுவதுதான் பெரும்பாடு. ஏழு நாளுக்கு ஏழு கத்தி என்று கிழமைப் பெயர் பொறித்த பெட்டிகள் பணக்காரர் வீடுகளில் இருந்ததில் வியப்பில்லை.

இந்தத் தொல்லைக்கு நடுவழி ஒன்றையும் முயன்றார்கள். முதுகைத் தனியாகத் தடித்த சட்டமாகச் செய்து, அதில் மெல்லிய தகட்டைப் பொருத்துவது. அலகு தட்டையான தகடாக இருந்தாலும் கல்லில் படுவது சட்டமும் கூரும் மட்டும்தான். குழிவாகத் தேய்க்காமலே குழிவின் பலன் கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் லெகூல்த்ர் கத்திகளில் இந்தத் தகட்டைக் கழற்றி மாற்றவும் முடியும். பின்னால் வந்த பிளேடுக்கு ஒரு முன்னோட்டம் என்றே அதைச் சொல்லலாம்.

குழிவுத் தேய்ப்பை ஒரு பெருந்தொழிலாக்கியவர்கள் ஜெர்மானியர்கள். வூப்பர் ஆற்றங்கரையில் இருக்கும் சோலிங்கன் இடைக்காலத்திலிருந்தே வாளுக்குப் பெயர் போன ஊர். 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அங்கே சவரக்கத்திகளைச் சிறிய சிறிய கற்களில் படிப்படியாகக் குடைந்து தேய்த்தார்கள். எதிரெதிராகச் சுழலும் இரண்டு சிறு கற்களுக்கு நடுவே அலகைச் செலுத்தி இருபுறமும் ஒரே நேரத்தில் தேய்க்கும் இயந்திரமும் வந்தது. மிக மெல்லிய கத்திகளில் கூருக்குச் சற்று மேலே ஒரு மெல்லிய மேட்டை விட்டுவைப்பார்கள். அது இல்லாவிட்டால் அலகு தாடியில் பட்டதும் நெளிந்துவிடும். அப்படிப்பட்ட கத்தியின் கூரை விரல் நகத்தால் மெல்லச் சுண்டினால் ‘ரிங்ங்’ என்று ஒலிக்கும். பாடும் கத்தி என்று அதற்குப் பெயர். முகத்தில் ஓடும்போதும் அந்தச் சத்தம் கேட்கும். எந்த இடத்தில் மயிர் கடினம், எங்கே மழிந்துவிட்டது என்று காதாலேயே அறியலாம்.

முடிதிருத்தும் கடைக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் தெளிவு. ஒரு நாளைக்கு இருபது முப்பது முகம் பார்ப்பவர், ஆப்பு வடிவத்தை வைத்துக்கொண்டு கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க முடியாது. குழிவுக் கத்தி என்றால் கல்லில் நாலு இழுப்பு, தோல் வாரில் இருபது இழுப்பு, அடுத்த ஆள் உட்காரலாம். ஷெஃபீல்டும் வேறு வழியில்லாமல் குழிவுக்கு இறங்கிவந்தது.

ஊர்களுக்குள் வியாபாரப் பகையும் மூண்டது. சோலிங்கனில் செய்த மலிவான கத்திகளில் ஷெஃபீல்டு பெயரைப் பொறித்து விற்கிறார்கள் என்று ஷெஃபீல்டு கத்திக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். அதன் விளைவுகளில் ஒன்றுதான் 1887-இல் பிரிட்டன் கொண்டுவந்த வணிகக் குறிச் சட்டம். அதிலிருந்துதான் ‘மேட் இன் ஜெர்மனி’ என்ற முத்திரை பிரபலமானது. அவமானமாக ஒட்டியது சில ஆண்டுகளில் தரத்தின் அடையாளமாகிவிட்டது. பிறகு சோலிங்கனே தன் பெயரைப் பிறர் பொறிப்பதைத் தடுக்க 1938-இல் ஜெர்மனியில் சட்டம் பெற்றது. காலம் எப்படிச் சுற்றுகிறது பாருங்கள்.

இதுவரை வாங்கியவர்களின் சௌகரியம். இனித் தேய்த்தவர்களின் கதை.

மணற்கல்லில் எஃகைத் தேய்த்தால் இரண்டும் சேர்ந்து தூளாகிப் பறக்கும். எஃகுத் தூளைவிடக் கல்தூள்தான் கொடியது. அது நுரையீரலில் படிந்து திரும்புவதில்லை. ஷெஃபீல்டில் இதைச் ‘சாணைக்காரர் ஆஸ்துமா’ என்றார்கள். சிலிக்கோசிஸ் என்ற பெயர் பின்னால் வந்தது. கல்லைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசு குறையும். ஆனால் முள்கரண்டி போன்றவற்றை உலர்கல்லில்தான் தேய்த்தார்கள். சவரக்கத்தி வேலையிலும் ஒரு பகுதி உலர்கல்லில் நடந்தது. ஷெஃபீல்டு மருத்துவர் நைட் எழுதியதை எங்கெல்ஸ் தமது 1845-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் எடுத்துக்காட்டியிருக்கிறார். உலர்கல்லில் தேய்ப்பவர் சராசரியாக 35 வயதைத் தொடுவதே அரிது, ஈரக்கல்லில் தேய்ப்பவர் 45-ஐத் தாண்டுவது அரிது என்பது அதன் சாரம். பதினான்கு வயதில் கல்லின் முன் உட்கார்ந்தவனுக்கு இருபது வயதிலேயே மூச்சிரைக்கத் தொடங்கிவிடும்.

தூசை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி அப்போதே இருந்தது. அதைப் பல தொழிலாளர்களே விரும்பவில்லை, சிலர் உடைத்தும் போட்டார்கள் என்று அதே புத்தகத்தில் இருக்கிறது. காரணத்தைக் கேட்டால் மனம் கனத்துவிடும். இந்த வேலை ஆபத்தில்லாதது என்று ஆகிவிட்டால் ஆட்கள் குவிந்து கூலி குறைந்துவிடும் என்று பயந்தார்கள். குறைந்த வயதில் சாவதற்குக் கிடைத்த கூலிதான் அவர்கள் கூலி என்பதை அவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டில் மணற்கல்லுக்குப் பதில் கார்போரண்டம் போன்ற செயற்கைக் கற்கள் வந்த பிறகும், தூசு உறிஞ்சும் கருவி கட்டாயமான பிறகும்தான் நிலைமை மாறியது.

ஆகவே ஒரு கத்தி மெலிய மெலிய, அதற்காகக் கல்லின் முன் ஒருவன் உட்கார்ந்திருக்கும் நேரம் கூடியது. இங்கே நம் கை ஓய்வெடுத்த நேரம் அங்கே அவன் தூசை இழுத்த நேரம். ஆப்பா குழிவா என்று பேசுபவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வாதத்தையே பொருளற்றதாக்கியவர் அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட். 1903-இல் அவர் நிறுவனம் விற்றது 51 ரேசர்களும் 168 பிளேடுகளும்தான். 1904-இல் காப்புரிமை கிடைத்தது, அதன் பின் நடந்தது நாம் அறிந்ததே. மெல்லிய தகடு, தேய்ந்தால் எறி. பட்டறைக்காரரும் குடைய வேண்டாம், வாங்கியவரும் தீட்ட வேண்டாம்.

ஆனாலும் நம் ஊர் சலூன்களில் சவரக்கத்தி இன்னும் எழுபது எண்பது ஆண்டுகள் நீடித்தது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும்: நாற்காலியின் பக்கத்தில் தொங்கும் தோல் வார், எண்ணெய் ஊறிய கறுத்த தீட்டுக்கல், கடைசியில் முகத்தில் தேய்க்கும் படிகாரக் கட்டி. மரத்தடியில் தொழில் செய்தவர்களுக்கு வாரும் இல்லை. உள்ளங்கையிலேயே தீட்டிக்கொள்வார்கள். அந்தக் கையில் ஒரு நாளும் வெட்டுப் பட்டு நான் பார்த்ததில்லை. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். ஒரே கத்தியைப் பலருக்குப் பயன்படுத்துவதைப் பற்றிய அச்சம் அதன் பிறகு மெல்லப் பரவியது. இன்று பிளேடை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைப் பிடியில் செருகி, ஒருவருக்குப் பிறகு எறிந்துவிடுகிறார்கள். அது நல்லதே. ஆனால் தீட்டத் தெரிந்த கைகள் அத்தோடு மறைந்துவிட்டன.

இப்போது பழைய கத்தியை ஆசையோடு தேடி வாங்கும் இளைஞர்கள் சிலர் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குபவருக்கு 5/8 அகலத்தில் அரைக் குழிவு போதும். துள்ளாத அளவுக்குக் கனமும் இருக்கும், தீட்டவும் அதிகம் கஷ்டப்பட வேண்டாம். தாடி முள்போன்றது, கல்லில் உட்காரப் பொறுமையும் உண்டு என்றால் ஆப்பு. கை பழகி, தினமும் மழிப்பவர் என்றால் முழுக் குழிவு. ஓசையைக் கேட்டுக்கொண்டே மழிப்பது ஒரு தனி சுகம்தான்.

பரணில் இருப்பது தாத்தாவின் கத்தி என்றால் ஒரு வேண்டுகோள். அதைத் தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுத்துவிடாதீர்கள். வேகமாகச் சுழலும் சக்கரத்தில் கூர் சூடேறிப் பதம் போய்விடும். முதுகுக்கும் கூருக்கும் உள்ள கணக்கும் கெட்டுவிடும். துருவை மெல்லத் துடைத்து, துளி தேங்காயெண்ணெய் தடவி, காய்ந்த துணியில் சுற்றி வையுங்கள். வைக்குமுன் பிடிக்குள் செல்லும் காம்பின் பக்கம் பொறித்திருக்கும் ஊர்ப் பெயரை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஷெஃபீல்டோ சோலிங்கனோ, அந்த அலகைத் தேய்த்தவரின் பெயர் அதில் இருக்காது.